கம்பி பிணைத்தோரின் எழுதாச் சட்டம்

யந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. தானியங்கித் தொலைபேசி நிலையத்தைப் பற்றிய நூல்களிலே அல்மன் ஸ்ட்ரௌஜர் என்ற அமெரிக்கரின் பெயர் தவறாது காணப்படும். பிரேத அடக்கத் தொழில் நடத்தி வந்த அவர், இடையிலே ஓர் ஆளின் உதவியின்றி ஒரு தொலைபேசி மற்றொன்றோடு தானாகவே இணையத்தக்க ஆளிக்கு 1891ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார். அவ்வாளிகளைப் பெருந்தொகையாகச் செய்து, அவற்றின் பின்புறத்தே நின்று, முனைக்கு முனை கம்பி பிணைத்தவர்கள் யாவர்? இக்கேள்விக்கு அந்நூல்களில் விடை இல்லை.

இந்தப் பொது விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அமெரிக்காவில் 1931-32ஆம் ஆண்டுகளில் இத்தகைய கம்பியிணைப்பாளர் சிலர் ஏறத்தாழ ஆறு மாத காலம் நாள்தோறும் அவதானிக்கப்பட்டனர். அவர்கள் எத்தனை முனைகளைப் பிணைத்தனர், யாரோடு சிரித்துப் பேசினர், யாரோடு சண்டையிட்டனர் என்பன யாவும் குறித்து வைக்கப்பட்டன. அவர்களுடைய பெயர்கள் மட்டும் எழுத்துக்களும் இலக்கங்களுமாக மாற்றப்பட்டன. முகாமைத்துவக் கல்வி பயிலும் மாணவர் உலகெங்கும் இன்றும் அவர்களைப் பற்றிப் படிக்கின்றனர். நமது நாட்டு மாணவரும் அதற்கு விலக்கல்லர். ஆயின், படிக்கப்படும் கதை தொழிலாளரின் கதைதானா என்பது ஆராய்தற்குரியது.

சிக்காகோ நகரை அடுத்த சிசெரோ என்னும் ஊரிலே, வெஸ்டேர்ண் இலெக்ட்ரிக் கம்பனியின் ஹோதோர்ண் தொழிற்சாலை 1905ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கியது. அமெரிக்கத் தொலைபேசித் துறையைத் தன் கைக்குள் வைத்திருந்த 'பெல்' நிறுவனக் குடும்பத்தின் உற்பத்திக் கரம் அக்கம்பனி. தொலைபேசிப் பகுதிகளிலிருந்து நிலத்தடி வடம் வரை தொலைபேசித் தொழிலுக்கு வேண்டிய சகலமும் அங்கே செய்யப்பட்டன. 1920களின் முடிவில் 40,000க்கும் மேற்பட்டோர் அங்கு வேலை செய்தனர். செக், போலிஷ் குடியேறிகளின் பிள்ளைகள் அவர்களுள் மிகப் பலர். தொழிற்சாலைக்கென வைத்தியசாலை, மாலை வகுப்புகள், விளையாட்டுக் கழகம் ஆகியன இருந்தன. 1915ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் திகதி, கம்பனி ஊழியரின் உல்லாசப் பயணத்துக்கென அமர்த்தப்பட்ட 'ஈஸ்ட்லாண்ட்' என்ற கப்பல் சிக்காகோ நதித்துறையிலே கட்டப்பட்டிருந்தபடியே கவிழ்ந்து 844 பேர் இறந்தனர். வேலை, பொழுதுபோக்கு, துயரம் ஆகிய மூன்றும் ஒரே தொழிற்சாலையோடு பிணைந்திருந்த சமூகம் அது.

அங்கு கம்பியிணைப்பாளர் செய்த வேலையைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஸ்ட்ரௌஜர் முறை ஆளியிலே ஒரு தண்டு உண்டு. தொலைபேசியிற் சுழற்றப்படும் இலக்கத்திற்கேற்ப அது பத்துப் படிகள் வரை மேலேறும். ஏறிய படியிலே பத்து நிலைகள் வரை பக்கவாட்டிற் சுழலும். இவ்வாறு நூறு நிலைகளுள் ஒன்றை அது சென்றடையும். அந்நிலைகளுக்குரிய முனைகள் விசிறி போல நீண்டு நிற்கும் பகுதியைத் தொழிலாளர் 'பாங்க்' என்று அழைத்தனர். பணம் வைக்கும் வங்கிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒன்றரை அங்குல உயரமும் நான்கு அங்குல நீளமும் கொண்ட அச்சிறு துண்டிலே 100 அல்லது 200 முனைகள் இருந்தன. அழைப்பு எந்த ஆளி வழியாக வந்தாலும் வேண்டிய தொலைபேசியைச் சென்றடைய வேண்டும் அல்லவா? ஆகவே, அடுத்தடுத்து நிற்கும் பாங்குகளின் ஒத்த முனைகள் யாவும் ஒன்றோடொன்று கம்பியாற் பிணைக்கப்பட்டன.

பத்து அல்லது பதினொரு பாங்குகள் நீளமும் இரண்டு அல்லது மூன்று பாங்குகள் உயரமும் உடைய அடுக்கு ஓர் 'உபகரணம்' எனக் கணக்கிடப்பட்டது. 'கனெக்டர்' வகை உபகரணம் ஒன்றிலே 3,300 முனைகள். 'செலெக்டர்' வகையிலே 3,000 முனைகள். கம்பியிணைப்பாளன் நின்றபடியே வேலை செய்தான். ஒரே வேளையில் இரண்டு உபகரணங்களை அவன் கவனித்தான். ஒன்றிலே ஒரு வரிசை முடிந்ததும் மற்றதற்குச் செல்வான். அவ்விடைவேளையில் ஈயப்பற்று வைப்பவன் வந்து முதலாவதன் முனைகளிலே பற்று வைப்பான். பின்னர்ப் பரிசோதகர் வந்து ஒவ்வோர் இணைப்பையும் சோதித்து ஒப்புதல் தருவார். மூன்று கம்பியிணைப்பாளருக்கு ஒருவர் என்ற கணக்கிலே ஈயப்பற்று வைப்போர் இருந்தனர். ஒருவன் தாமதித்தால் மற்றவன் காத்து நிற்க வேண்டும். ஒருவன் தவறினால் மற்றவன் வேலை வீணாகும். கண்ணும் விரலும் சலியாது இயங்க வேண்டிய வேலை அது. ஒரு முனை தவறினால் எங்கோ ஓர் ஊரில் எவரோ ஒருவர் தவறான வீட்டை அழைப்பார்.

இவ்வுழைப்பிலே ஒரு வரலாற்று முரண் பொதிந்திருந்தது. 1920ஆம் ஆண்டளவில் தொலைபேசி இணைப்பு வேலை அமெரிக்க இளம் பெண்கள் மிகுதியாகச் செய்த தொழில்களுள் ஒன்று. தானியங்கி நிலையங்கள் பரவப் பரவ அத்தொழில் நகரந்தோறும் அருகியது. அப்பெண்கள் பலகையின் முன்னிருந்து செய்த இணைப்புகளை, ஹோதோர்ண் தொழிலாளர் தொழிற்சாலையிலே முன்கூட்டியே செய்து அனுப்பினர் எனலாம். 'தானியங்கி' என்ற சொல்லின் பின்னே பல மில்லியன் கைப்பிணைப்புகள் இருந்தன. ஒரு பகுதி உழைப்பாளரின் கைவேலை மற்றொரு பகுதி உழைப்பாளரின் பிழைப்பைப் பறித்தது. இவ்விரு பகுதியினரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

இனி, ஆய்வாளர்கள் அங்கு வந்த கதையைப் பார்ப்போம். வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று அறியும் சோதனைகள் 1924ஆம் ஆண்டில் ஹோதோர்ணில் ஆரம்பமாயின. 1927இல் 'ரிலே' என்னும் சிறு மின்கருவியைப் பூட்டும் பெண்கள் ஐவரைத் தனியறையில் இருத்தி, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தனர். உற்பத்தி ஏறத்தாழ முப்பது வீதம் உயர்ந்தது. கனிவான கவனிப்பே இவ்வுயர்வுக்குக் காரணம் என்ற கருத்து பின்னர் உலகெங்கும் பரவியது. ஆயின் அவ்வைவரின் கூலி அவர்களது சிறு குழுவின் உற்பத்தியோடு மட்டும் நேரடியாகப் பிணைக்கப்பட்டிருந்தது என்பதும், மிகுதியாகப் பேசுகின்றனர் என இருவர் 1928ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் விலக்கப்பட்டு வேறு இருவர் அமர்த்தப்பட்டனர் என்பதும் பாடநூல்களில் அத்துணை அழுத்தம் பெறுவதில்லை. அலெக்ஸ் கேரி என்ற அவுஸ்திரேலிய அறிஞர் 1967இல் எழுதிய கடும் விமர்சனத்தில் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டினார். 1928ஆம் ஆண்டிலிருந்து 21,000க்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பேட்டி கண்ட பெருந்திட்டம் ஒன்றும் நடைபெற்றது. அப்பேட்டிகளில் ஒரு செய்தி அடிக்கடி தலைகாட்டியது: தொழிலாளர் தமக்குள் உற்பத்திக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்கின்றனர்.

அந்த எல்லையைக் கண்ணாற் காணவே கம்பியிணைப்பு அவதானிப்பு அறை அமைந்தது. வட அவுஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்து திரும்பிய மானிடவியலாளர் லொயிட் வார்னர் இதற்கு ஆலோசனை வழங்கினார். ஒரு குலத்தின் வழக்காறுகளைக் குறித்துக்கொள்வது போலத் தொழிற்சாலைக் குழுவையும் குறித்துக்கொள்ளலாம் என்பது கருத்து. கம்பியிணைப்பாளர் ஒன்பது பேர், ஈயப்பற்று வைப்போர் மூவர், பரிசோதகர் இருவர் என 14 ஆடவர் 1931ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பெரும் பகுதியிலிருந்து பிரித்து ஓர் அறையில் வைக்கப்பட்டனர். கூலி முறையோ வேலை முறையோ மாற்றப்படவில்லை. அறையின் ஓரத்திலே அவதானி ஒருவர் மேசையிட்டு அமர்ந்தார். கட்டளையிடாமலும் குறை கூறாமலும் கண்டவற்றை எழுதினார்.

அவர் கண்டது யாது? கம்பனியின் பொறியியலாளர் வகுத்த இலக்கு நாளொன்றுக்கு 7,312 முனைகள். தொழிலாளர் தமக்குள் வகுத்த அளவோ நாளொன்றுக்கு இரண்டு உபகரணங்கள். அதாவது 6,600 அல்லது 6,000 முனைகள். இந்த அளவு எந்தச் சுவரிலும் எழுதப்படவில்லை. ஆயினும், காலையில் விரைந்து செய்து அதனை நெருங்கியவன் மாலையில் நிதானமாக வேலை செய்தான். ஒரு நாள் மிகுதியாகச் செய்தவன் குறைத்துச் சொல்லி, மிச்சத்தை மறுநாட் கணக்கிலே சேர்த்துக்கொண்டான். குழுத் தலைவரிடம் சொல்லப்பட்ட கணக்கு நாளுக்கு நாள் நேர்கோடு போல அமைந்தது. அவதானி எண்ணிய கணக்கு அவ்வாறு அமையவில்லை.

எல்லையை மீறியவனுக்குத் தண்டனை உண்டு. கூலிவிகிதத்தைக் குலைப்பவன் என்ற ஏச்சு அவனுக்குக் கிடைக்கும். அல்லது மேற்கையிலே ஓங்கி ஒரு குத்து விழும். மிகக் குறைவாகச் செய்பவனும் தப்புவதில்லை. மற்றவர் உழைப்பிலே தின்பவன் என்று அவனை ஏசினர். மேலிடத்துக்குக் கோள் சொல்வது யாவற்றிலும் பெரிய குற்றம். பரிசோதகர் ஒருவர் தாம் வேறு, அவர்கள் வேறு என்ற பாவனையில் நடந்துகொண்டார். குழுவின் வெறுப்புக்கு ஆளாகி, ஈற்றில் அவ்வறையை விட்டே மாற்றப்பட்டார். அதேவேளை, கம்பியிணைப்பாளனும் ஈயப்பற்று வைப்பவனும் விதிக்கு மாறாக வேலையை மாற்றிக்கொண்டனர். பின்தங்கியவனுக்கு, தடை இருந்தும், கைகொடுத்து உதவினர். அவர்களுடைய திறமையும் புத்திக்கூர்மையும் தனியே சோதிக்கப்பட்டன. உற்பத்தியில் கடைசியாக நின்றவன் புத்திக்கூர்மையில் முதலாவதாகவும் கைத்திறனில் மூன்றாவதாகவும் வந்தான்! ஆகவே, ஒருவன் செய்த அளவு அவனால் இயன்ற அளவைக் காட்டவில்லை என்பது தெளிவாயிற்று.

இவ்வெல்லையின் காரணத்தைத் தொழிலாளரே பேட்டிகளிலே கூறினர். கூடுதலாகச் செய்தால் துண்டுக்கூலி விகிதம் வெட்டப்படலாம், இலக்கு உயர்த்தப்படலாம், வேகங்குறைந்தவன் திட்டப்படலாம், யாரோ ஒருவன் வேலை இழக்கலாம். கூலி முறையும் இவ்வச்சத்துக்குத் துணையாய் இருந்தது. அது குழுத் துண்டுக்கூலி. பகுதி முழுவதும் செய்த வேலையின் மதிப்பு அனைவருக்கும் பங்கிடப்பட்டது. ஒருவன் தன் விரல்களை வருத்திக் கூடுதலாகப் பிணைத்த முனைகளின் பயனிலே மிகச் சிறு துளியே அவனுக்கு வந்து சேரும். வரக்கூடிய இழப்போ முழுமையாக அவன் தலையிலே விழும்.

ஆய்வாளர் இதனை ஏற்கவில்லை. ஹார்வாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோத்லிஸ்பேர்கரும், கம்பனி அதிகாரியான டிக்சனும் 1939இல் வெளியிட்ட பெருநூல் இவ்வறையை விரிவாக எடுத்துரைத்தது. கம்பனி காரணமின்றி விகிதத்தை வெட்டியதில்லை. தொழிலாளர் கூறும் தீமைகள் அவர்களது அனுபவத்திற் கண்டவை அல்ல. ஆகவே அவர்களது நடத்தை பொருளாதார அறிவிலிருந்து பிறந்ததன்று. குழுவின் ஒற்றுமையை வெளியார் தலையீட்டிலிருந்து காத்துக்கொள்ளும் மனவுணர்விலிருந்து பிறந்தது. இதுவே அந்நூலின் வாதம். எல்டன் மேயோ என்ற பேராசிரியரின் சிந்தனை இவ்வாதத்தின் பின்னணியில் நின்றது. நிருவாகத்தினர் தருக்க வழியிற் சிந்திப்பவர், தொழிலாளர் உணர்ச்சி வழியில் நடப்பவர் என்ற பாகுபாடு அங்ஙனம் அறிவியலின் உடையை அணிந்துகொண்டது. தொழிலாளியின் பேச்சு காரணமாகக் கேட்கப்படாமல் நோய்க்குறியாகக் கேட்கப்பட்டது.

இவ்விடத்து நாம் மூன்று உண்மைகளை மனங்கொள்ளுதல் தகும்.

முதலாவது, விஞ்ஞான முகாமைத்துவத்தின் தந்தை எனப்படும் பிரெட்ரிக் டெயிலர், தொழிலாளருக்கு நண்பர் என்று எவரும் கூறார். எனினும், கூடுதலாக உழைத்தால் விகிதம் வெட்டப்படும் என்பதைத் தொழிலாளர் அனுபவத்தால் அறிந்தே வேகத்தைக் குறைக்கின்றனர் என்பதை 1903ஆம் ஆண்டிலேயே அவர் ஒப்புக்கொண்டார். டெயிலர் கண்ட காரணத்தை, அவருக்குப் பின் வந்த 'மனித உறவு'க் கொள்கையினர் காண மறுத்தனர்.

இரண்டாவது, அவதானிப்பு அறை திறக்கப்பட்ட அதே 1931ஆம் ஆண்டிலே ஸ்ரான்லி மத்தியூசன் என்பார், தொழிற்சங்கத்தில் இணையாத அமெரிக்கத் தொழிலாளர் உற்பத்தியை எவ்வாறு மட்டுப்படுத்துகின்றனர் என்பது குறித்து ஒரு நூல் வெளியிட்டார். பல தொழில்களிலே, பல இடங்களிலே, இதே வழக்கம் இருப்பதை அவர் காட்டினார். விகித வெட்டும் வேலையின்மையும் பற்றிய அச்சம் எங்கும் பரந்திருந்தது. ஹோதோர்ணின் 14 பேர் ஒரு விநோதக் குலத்தினர் அல்லர். ஒரு வர்க்கத்தின் பொது அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டோர்.

மூன்றாவது உண்மையே முக்கியமானது. அக்காலம் பெரும் பொருளாதார மந்தத்தின் காலம். புதிய தொலைபேசிகளைக் கேட்பார் இல்லை. இருந்தவற்றையும் மக்கள் துண்டித்துக்கொண்டிருந்தனர். 40,000க்கு மேற்பட்டோர் வேலை செய்த ஹோதோர்ணில் ஆட்தொகை சில ஆண்டுகளுள் அதன் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கியது. அவதானிப்பு அறையும் 1932ஆம் ஆண்டு மே மாதத்தில் மூடப்பட்டது. வேலை இல்லாமற் போனதே அதற்குக் காரணம். 'வேலை தீர்ந்துவிடும், யாரோ ஒருவன் வெளியே போக வேண்டிவரும்' என்று தொழிலாளர் அஞ்சியதை உணர்ச்சி என்று எழுதிய ஆய்வு, வேலை தீர்ந்ததால் முடிவுற்றது. வரலாறு இதனினும் தெளிவாக ஒரு விவாதத்துக்குத் தீர்ப்புக் கூறுமோ?

எனினும், அந்த எழுதாச் சட்டத்தை நாம் அளவு மீறிப் புகழ்தல் ஆகாது. அதற்கு ஓர் அறம் இருந்தது: வேகமுள்ளவன் வேகங்குறைந்தவனின் உணவைப் பறிக்கலாகாது என்ற அறம். ஆனால் அவ்வறம் குத்தினாலும் கேலியினாலும் காக்கப்பட்டது. அறையின் முன்புறத்தார் ஓர் அணி, பின்புறத்தார் ஓர் அணி எனப் பிரிந்து, கனெக்டர் வேலை செய்வோர் செலெக்டர் வேலை செய்வோரினும் உயர்ந்தவர் என்ற வீண் பெருமையும் பேசப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சட்டத்தின் ஆட்சி அவ்வறையின் சுவர்களுக்குள்ளேயே முடிந்தது. ஒரு நாளின் வேகத்தை அதனால் ஆள முடிந்தது. தொழிற்சாலையின் வாயிலை ஆள முடியவில்லை. யாரை நிறுத்துவது, எத்தனை மணி நேரம் வேலை கொடுப்பது என்ற முடிவுகள் வேறிடத்தில் எடுக்கப்பட்டன. 14 பேரின் மௌனமான ஒப்பந்தம் ஒரு கேடயமாய் இருந்தது. பேரம் பேசும் குரலாய் வளரவில்லை.

அக்குரல் வேறு வழியில் வந்தது. 1935ஆம் ஆண்டின் வாக்னர் சட்டம் அமெரிக்கத் தொழிலாளருக்குத் தாமே சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை வழங்கி, முதலாளிமாரே நடத்திய கம்பனிச் சங்கங்களைச் சட்டவிரோதமாக்கியது. அவ்வுரிமை வேலைநிறுத்தங்களினாலும் ஊர்வலங்களினாலும் ஈட்டப்பட்டது. ஆயின், சங்கம் தோன்றுமுன் தொழிலாளர் வெறும் கூட்டமாக இருந்தனர் என்று எண்ணுவது தவறு. உருக்கும் பற்றுமாக நாள் கழித்த அறைகளிலே, ஒருவர்க்கொருவர் கைகொடுத்தும் கோள் சொல்ல மறுத்தும், ஒற்றுமையின் அரிச்சுவடியை அவர்கள் முன்னரே பயின்றிருந்தனர்.

அதன் பின்னர் தொழில்நுட்பம் வெகுதூரம் சென்றது. ஈயப்பற்று இன்றியே கம்பியை முனையிற் சுற்றும் கருவிகள் வந்தன. பின் அதையும் யந்திரமே செய்தது. 1965இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் முதலாவது பெரிய மின்னணு ஆளி நிலையம் இயங்கத் தொடங்கியது. பாங்குகளும் அவற்றைப் பிணைத்த கைகளும் வேண்டாதனவாயின. ஹோதோர்ண் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டது. கட்டடங்களிற் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. கோபுரம் ஒன்று எஞ்சி நிற்கிறது.

கம்பி பிணைப்போர் மறைந்துவிட்டனரா? இல்லை, இடம் மாறினர். மோட்டார் வாகனம் ஒன்றின் உடலெங்கும் ஓடும் கம்பித்தொகுதி இன்றும் பெரும்பாலும் கையாலேயே கோக்கப்படுகிறது. வளைந்து நெளியும் கம்பியை வசப்படுத்த யந்திரக் கை இன்னும் முழுமையாகக் கற்கவில்லை. ஆகவே அத்தொழில் கூலி மலிவான நாடுகளை நாடிச் சென்றது: மெக்சிக்கோ, மொரோக்கோ, தூனீசியா, உக்ரேன். 2022ஆம் ஆண்டு உக்ரேனிலே போர் மூண்டபோது அங்கிருந்து கம்பித்தொகுதிகள் வராமையால் ஜெர்மனியின் பெரும் வாகனத் தொழிற்சாலைகள் சில உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. அன்றாடம் எவர் கண்ணிலும் படாத கைகளின் பெறுமதி, அவை ஓய்ந்த நாளிலேதான் செய்தித்தாளின் முதற்பக்கத்துக்கு வந்தது.

நமது மாணவர்கள் பரீட்சைக்காக 'ஹோதோர்ண் விளைவு' என்ற தொடரை மனனஞ் செய்கின்றனர். கவனித்தால் தொழிலாளி கூடுதலாக உழைப்பான் என்ற அளவில் அப்பாடம் முடிந்துவிடுகிறது. அதற்கு அடுத்த அறையிலே, ஆறு மாதம் கவனித்தும் கூடுதலாக உழைக்க மறுத்த 14 பேர் இருந்தனர் என்பதையும் ஆசிரியர்கள் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். அவர்கள் ஏன் மறுத்தனர் என்று கேட்கும் மாணவன் கூலி முறையைப் பற்றிக் கேட்பான். மந்தத்தைப் பற்றிக் கேட்பான். ஆய்வுக்கு இடமும் பணமும் கொடுத்தவர் யார் என்றும் கேட்பான். 'அறிவு' என்று எழுதி வைக்கப்பட்டதை யார் எழுதினார், யாரைப் பற்றி எழுதினார், எழுதப்பட்டவர் சொன்ன காரணத்துக்கு அங்கு என்ன நேர்ந்தது என்று கேட்கப் பழகுவதே வரலாற்றுக் கல்வியின் பயன்.

அந்த 14 பேரும் ஒரு நூலையும் எழுதவில்லை. தம் நாளின் அளவை மட்டும் தாமே குறித்தனர். நாளொன்றுக்கு 7,312 என்ற எண் பொறியியலாளரின் கணக்கு. 6,600 என்ற எண் தொழிலாளரின் கணக்கு. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட வெளியிலே, ஒரு மனிதன் பிறருக்காக எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி கிடக்கிறது. ஹோதோர்ண் மூடப்பட்டது, அக்கேள்வி இன்னும் தீரவில்லை.